குழந்தைகளுக்கு ஒரு பதிப்பாசிரியர்

நம் விமர்சனத்தில் ஒரு வழக்கம் ஊறிப் போயிருக்கிறது. கதை எழுதியவனைப் பற்றிப் பேசுவோம். கவி பாடியவனைப் பற்றிப் பேசுவோம். வம்பு வேண்டுமென்றால் பிரசுரகர்த்தரைக்கூட இழுத்துக்கொள்வோம். இவர்களுக்கெல்லாம் நடுவில் கையெழுத்துப் பிரதியைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பதிப்பாசிரியரை மட்டும் மறந்துவிடுவோம். ஏடுகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் ஒருவர்தான் இதற்கு விலக்கு. அவரையும் அவர் அலைந்த அலைச்சலுக்காகத்தான் கொண்டாடுகிறோமே தவிர, பாடத்தை நிர்ணயம் செய்த மூளைக்காக அவ்வளவாக இல்லை. குழந்தைப் புத்தகங்களின் பதிப்பாசிரியர் என்றால் கேட்கவே வேண்டியதில்லை. அது பெரியவர்கள் பார்க்கிற வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

பெ. தூரனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த எண்ணம் வந்தது. தூரன் என்றால் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் கச்சேரிகளில் கேட்ட கீர்த்தனங்களைச் சொல்வார்கள். இரண்டு பேர் 'பாரதி தமிழ்' என்று சொல்வார்கள். 'சுதேசமித்திரன்' பத்திரிகையின் பழைய தொகுப்புகளைப் புரட்டிப் புரட்டி, பாரதியின் எழுத்தை அவர் மீட்டுக்கொடுத்த புத்தகம் அது. ஒருவர் 'காற்றில் வந்த கவிதை'யைச் சொல்லக்கூடும். அது அவர் தொகுத்த நாட்டுப்பாடல்கள். மீதிப் பேர், பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைச் சொல்வார்கள். அதற்குப் பின் இன்னொரு பத்துத் தொகுதி அவர் கையிலிருந்து வந்தது என்பதும், அது முழுக்க முழுக்கக் குழந்தைகளுக்காக வந்தது என்பதும் அநேகருக்கு நினைவிருக்காது. என் அபிப்பிராயத்தில் அவருடைய வாழ்க்கையிலேயே கடினமான காரியம் அந்த இரண்டாவது பத்துதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூரன் 1908-இல் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். பகத்சிங்கைத் தூக்கிலிட்ட 1931-இல் பட்டப் பரீட்சையை உதறிவிட்டு வந்தவர். பிறகு கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயத்தில் உபாத்தியாயராக இருந்தார். கல்வி மந்திரியாக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, கலைக்களஞ்சியம் வேண்டும் என்று தீர்மானித்தபோது, முதன்மைப் பதிப்பாசிரியராக அழைத்துக்கொண்டது இந்த உபாத்தியாயரைத்தான். முதல் தொகுதி 1954-இல் வந்தது. ஒன்பதாவது 1963-இல். இணைப்பாகப் பத்தாவது 1968-இல். அதே 1968-இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளிவந்தது. பத்தாவது 1976-இல் முடிந்தது. பத்மபூஷண் கொடுத்ததும் 1968-இல்தான். கௌரவம் கிடைத்ததும் ஓய்வெடுத்துக்கொள்கிற வயதில், அறுபதில், மனுஷர் குழந்தைகளுக்காக மறுபடியும் 'அ'விலிருந்து ஆரம்பித்தார்.

பெரிய கலைக்களஞ்சியத்தைச் சுருக்கினால் குழந்தைகள் கலைக்களஞ்சியம் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கக்கூடும். அது தப்பான கணக்கு. ஏரி என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு எழுதுகிறவர் இலக்கணம் சொல்லி ஆரம்பிக்கலாம். நிலத்தால் சூழப்பட்ட நீர்ப்பரப்பு என்று சொல்லிவிட்டு, இயற்கை ஏரி, செயற்கை ஏரி, உப்பு ஏரி என்று வகை பிரித்துக்கொண்டு போகலாம். படிக்கிறவர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். பத்து வயதுப் பையனுக்கு அது ஆகாது. மழைக்காலத்தில் வந்த தண்ணீரைக் கரை கட்டி நிறுத்தியவன் யார், மதகு எதற்கு, கலங்கல் எதற்கு, செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் எப்படிச் சென்னைக் குழாயில் வருகிறது என்று அவனுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு சுருக்கினால் வராது. புதிதாக யோசித்தால்தான் வரும். எதை விடுவது என்பதுதான் அதில் பெரிய யோசனை. விஷயம் தெரிந்தவர்கள் எதையும் விட மாட்டார்கள். விடச் சொல்லி அவர்களிடம் கேட்கிற தைரியம் பதிப்பாசிரியருக்கு வேண்டும்.

தூரனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவர் அதற்கு முன் செய்த காரியங்களைப் பார்க்க வேண்டும். 'குழந்தை உள்ளம்' என்று குழந்தை மனத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 'மனமென்னும் மாயக்குரங்கு' என்று பொதுவாக மனோதத்துவத்தைப் பற்றி எழுதியவர். 'பாரம்பரியம்' என்று ஜீவ சாஸ்திர விஷயத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தவர். இதெல்லாம் போதாதென்று 'மாயக்கள்ளன்', 'சூரப்புலி', 'ஓலைக்கிளி', 'கொல்லிமலைக் குள்ளன்' என்று பையன்களுக்குக் கதைகளும் எழுதியிருக்கிறார். வகுப்பறையில் நின்றவருக்குப் பையன்கள் எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்பது தெரியும். வித்வான்களுக்கு அது தெரியாது. கலைக்களஞ்சிய ஆபீசுக்கு ஒரு பண்டிதரையோ விஞ்ஞானப் பேராசிரியரையோ கூப்பிடாமல் உபாத்தியாயரைக் கூப்பிட்டது அவினாசிலிங்கம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனால் ஒன்று. புத்தகத்தைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு குறைகள் தட்டுப்படுகின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது தூரனுக்கும் மரியாதை ஆகாது.

முதலாவது, அகராதி வரிசை. இதே தூரன் பிறந்த 1908-ஆம் வருஷம், லண்டனில் ஆர்தர் மீ என்ற பத்திரிகைக்காரர் தம்முடைய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பதினைந்து நாளைக்கு ஒரு பகுதியாக வெளியிட ஆரம்பித்தார். 1910-இல் முடித்துவிட்டார். அதில் அகராதி வரிசை கிடையாது. பூமி, பிராணிகள், கதைகள், கைவேலை, கேள்வி பதில் என்று துறை துறையாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறினார். அவருடைய சின்னப் பெண் ஓயாமல் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த யோசனை அது என்பார்கள். அகராதி வரிசையில் தேடுகிறவனுக்கு, தேட வேண்டிய சொல் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தெரியாததே அந்தச் சொல்தான். 'வானம் ஏன் நீலமாக இருக்கிறது?' என்பது எந்த எழுத்தில் வரும்? பெரியவர்களுக்குச் செய்த பத்துத் தொகுதிகளின் பழக்கம் தூரனுடைய கையைவிட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பதில் உண்டு. மீயின் புத்தகத்தில் ஒரே குரல் கேட்கிறது. அந்தக் குரல் ஆங்கில சாம்ராஜ்யத்தின் பெருமையையும் சேர்த்தே பாடுகிறது. உலகத்தில் நல்லது எல்லாம் தேம்ஸ் நதிக்கரையில்தான் விளைந்தது என்று படிக்கிற பிள்ளை நினைத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை. தூரனுடைய தொகுதிகளில் அப்படி ஒரு குரலும் இல்லை, அமட்டலும் இல்லை. அகராதி வரிசையில் அரசனும் அணிலும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவிதத்தில் அது நல்ல ஜனநாயகம். இருந்தாலும், கதை சொல்லத் தெரிந்த மனிதர், பாட்டுக் கட்டத் தெரிந்த மனிதர், பத்துத் தொகுதிகளிலும் தம்மை இவ்வளவு மறைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று ரஸிகனுக்கு ஆதங்கம் இருக்கத்தான் செய்யும். நடை தெளிவாக இருக்கிறது, சீராக இருக்கிறது. சிரிப்புத்தான் இல்லை.

இரண்டாவது குறை, காலம். 1968-இல் முதல் தொகுதியைக் கையில் வாங்கிய எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்தாவது தொகுதி வரும்போது பதினாறு வயது. பள்ளியிறுதிப் பரீட்சை எழுதிவிட்டுப் போயிருப்பான். யாருக்காகப் புத்தகம் ஆரம்பித்ததோ அவன் புத்தகம் முடிவதற்குள் வளர்ந்துவிட்டான். முதல் தொகுதி வந்தபோது மனிதன் சந்திரனில் கால் வைத்திருக்கவில்லை. கடைசித் தொகுதி வந்தபோது ஆறு தடவை இறங்கிவிட்டுத் திரும்பியாகிவிட்டது. இதைத் தூரனுடைய குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். கொடையையும் மானியத்தையும் எதிர்பார்த்து நடக்கிற ஆபீசில், படம் எழுதி, பிளாக் செய்து, எழுத்துக் கோத்து, புரூப் திருத்திப் புத்தகம் வெளிவர வேண்டிய நாளில், எட்டு வருஷத்தில் பத்துத் தொகுதி என்பது அசாத்தியமான வேகம்தான். ஆனால் குழந்தைப் பருவம் அச்சுக்கூடத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லையே!

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நாளில் குழந்தைகளுக்குப் பதிப்பாசிரியராக இருப்பது ஜீவனோபாயம் ஆகாது. அழ. வள்ளியப்பாவைப் பாருங்கள். 1941-இல் இந்தியன் பாங்கில் சேர்ந்து 1982 வரைக்கும் அங்கே சம்பளம் வாங்கினார். 'பூஞ்சோலை' முதலான குழந்தைப் பத்திரிகைகளை நடத்தியதும், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவியதும் பாங்கு வேலைக்கு மிஞ்சிய நேரத்தில். ஓய்வு பெற்ற பிறகுதான் 'கோகுலம்' பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் முழு நேரமாக உட்கார முடிந்தது. 'அம்புலிமாமா'வின் கதை வேறு. தமிழ்ப் பிள்ளைகள் மாதாமாதம் காத்திருந்து படித்த அந்தப் பத்திரிகைக்கு மூலம் தெலுங்கில் தயாராயிற்று. கொடவடிகண்டி குடும்பராவ் என்ற நல்ல நாவலாசிரியர் 1952 முதல் 1980-இல் சாகும்வரை அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு தலைமுறை ருசித்த வசனத்துக்குப் பக்குவம் பார்த்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம் என்ற அம்மாள் 1940 முதல் 1973 வரை ஹார்ப்பர் கம்பெனியின் குழந்தைப் புத்தகப் பகுதிக்குத் தலைவியாக இருந்தார். சிலந்தியையும் பன்றிக்குட்டியையும் வைத்து இ. பி. ஒயிட் எழுதிய நாவலும், மாரிஸ் சென்டாக்கின் படக்கதைகளும் அவர் மேஜையைத் தாண்டி வந்தவைதான். ஆசிரியர்களுக்கு அந்த அம்மாள் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1998-இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள். கெஞ்சல், கண்டிப்பு, கேலி எல்லாம் அதில் உண்டு. பதிப்பாசிரியர் என்ன வேலை செய்கிறார் என்று அதைப் படித்தால் தெரியும். வள்ளியப்பாவும் தூரனும் எழுத்தாளர்களுக்கு எத்தனை கார்டு எழுதியிருப்பார்கள்! அவற்றைச் சேர்த்து அச்சிட வேண்டும் என்ற நினைப்பு நமக்கு வரவில்லை.

நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையோரத்தில். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் செய்ய ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பக்கம் வயல்கள் தொழிற்சாலைகளாகிக்கொண்டு வருகின்றன. என் தெருவில் ஒரு தொழிலாளி. கார்க் கதவைப் பொருத்துகிற இடத்தில் அவருக்கு வேலை. அவருடைய பையன் ஐந்தாவது படிக்கிறான். "கார் எப்படிப்பா ஓடுது?" என்று அவன் கேட்டால், "எனக்குக் கதவு மட்டுந்தாண்டா தெரியும்" என்கிறார் அவர். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு துண்டு செய்கிற ஊரில், முழு வண்டியையும் ஒரு பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டும். பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளும் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள்.

தூரனுடைய தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இப்போது காசில்லாமல் படிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்கு என் போனில் காட்டினேன். படங்களைப் பார்த்தான். சில இடங்களில் உரக்கப் படித்தான், எங்கேயும் தடுக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வசனம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நாக்கில் தடுக்காமல் ஓடியது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. சிரிப்பு இல்லை என்று மேலே குறை சொன்னேன்; தெளிவு எவ்வளவு பெரிய சொத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் தூலிகா, தாரா போன்றவர்கள் 1990-களிலிருந்து படப் புத்தகங்களை அழகாகச் செய்து வருகிறார்கள். தூலிகா இரண்டு மொழி அருகருகே வரும்படியும் போடுகிறது. ஒடிசாப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து உட்காருகிற பள்ளிக்கூடத்துக்கு அது மிகவும் உபயோகமான யோசனை. ஆனால் அவை இருபது முப்பது பக்கத்துப் புத்தகங்கள். வருஷக் கணக்கில் உட்கார்ந்து, நூறு நிபுணர்களிடம் வாங்கி, வெட்டி, திருப்பி அனுப்பி, மறுபடி வாங்குகிற அந்தப் பழைய உத்தியோகத்துக்கு இன்றைக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் எது? பையன் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுல ரோபோ எங்க இருக்கு மாமா?" என்று கேட்டான். அவன் அப்பா வேலை செய்கிற வரிசையில், கதவுக்கு அடுத்தபடியாக வெல்டிங் செய்வது அதுதான்.