தாங்கும் கையின் நுட்பம்

பக்கவாதத்தில் சோர்ந்துபோன கையை இயன்முறை மருத்துவர் பிடிக்கும் விதமே ரசிக்கத்தக்கது. ஓர் உள்ளங்கை முழங்கையின் பாரத்தை ஏந்துகிறது. மறுகை விரல்கள் தசையின் முதல் துடிப்பைத் தேடுகின்றன. துடிப்பு தெரிந்ததும் தாங்கும் கை தன் உதவியைச் சற்றே குறைத்துக்கொள்கிறது. எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதில்தான் இந்தக் கலை இருக்கிறது. சுமை படிப்படியாகக் கூடினால் தசை வலுக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்ப முயன்றால் மூளை புது இணைப்புகளை வளர்க்கும். கடலூர் துறைமுகத்து மீனவருக்கு வலை பின்னும் அசைவு, சிதம்பரத்து மூதாட்டிக்குச் சோறு பிசையும் அசைவு என்று பயிற்சி அவரவர் வாழ்விலிருந்தே பிறக்கும்போது பலன் கூடுகிறது.

எண்ணெய் தேய்த்து நீவினால் போதாதா என்பார்கள். நீவுதல் இதம் தரும். ஆனால் பிறர் அசைத்துவிடுவதால் மட்டும் கை தானாக அசையக் கற்காது. வீட்டிலேயே செய்யலாமே என்பது நியாயமான கேள்வி. அதற்காகவே 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் தளர்ந்த தோளை அறியாமல் இழுத்தால் மூட்டு நழுவக்கூடும். பழகிய கையின் வழிகாட்டல் வேண்டும். எல்லோரும் முழுமையாக மீள்வதில்லை என்பதும் உண்மை. ஆயினும் பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குச் சென்றுவருவது ஒருவரின் தன்மானத்தை மீட்டுத் தருகிறது. அதைச் சாத்தியமாக்கும் பொறுமைக்கு மருந்துக்கு இணையான மதிப்பு உண்டு.