விளக்கம் சொல்ல வரும் மருத்துவர்

உளவியல் த்ரில்லர்களின் உத்திகளைப் பட்டியலிட்டால் கண்ணாடிகள், படிக்கட்டுகள், நம்ப முடியாத கதைசொல்லி, கடைசி நிமிடத் திருப்பம் என்று நீளும். இயக்குநர்களை அதிகம் படுத்துவது அவற்றில் ஒன்றுதான்: கொலையாளி ஏன் அப்படி ஆனான் என்று சொல்லியாக வேண்டிய காட்சி.

1920இல் வெளிவந்த ஜெர்மானிய மௌனப் படம் ‘டாக்டர் கலிகாரியின் கேபினெட்’. கோணல்மாணலான தெருக்களும் சாய்ந்த சுவர்களுமாக விரியும் கதையைச் சொன்னவனே மனநலக் காப்பகத்தில் இருப்பவன் என்பது முடிவில்தான் தெரிகிறது. இவனைக் குணமாக்கும் வழி புரிந்துவிட்டது என்கிறார் காப்பகத் தலைவர். அவருடைய முகமோ, கதை முழுக்க நாம் அஞ்சிய கலிகாரியின் முகம். மருத்துவரை நம்புவதா, நோயாளியை நம்புவதா?

பின்னால் வந்தவர்களில் பலர் மருத்துவரை நம்பினார்கள். ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) படத்தில் சால்வடோர் டாலி வடிவமைத்த கனவை உளப்பகுப்பாய்வாளர்கள் விடுகதைபோல அவிழ்க்க, கொலையாளி அகப்படுகிறார். ‘சைக்கோ’ (1960) முடிவில் மருத்துவர் ஒருவர் வந்து நார்மன் பேட்ஸின் மனத்தைப் பற்றிப் பாடமே நடத்துகிறார். படத்தின் மிகத் தளர்ந்த இடம் அதுதான். நல்லவேளை, ஹிட்ச்காக் அங்கே நிறுத்தவில்லை. அடுத்த காட்சியில் போர்வை போர்த்தித் தனியே உட்கார்ந்திருக்கும், நார்மனாக நடித்த அந்தோணி பெர்கின்ஸ் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு கணம் தாயின் மண்டையோடு அந்த முகத்தில் படிகிறது. மருத்துவர் சொன்ன அத்தனை காரணமும் அந்தச் சிரிப்பின்முன் போதாமல் போகிறது.

தமிழில் விளக்கம் ஃபிளாஷ்பேக்காக வந்தது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) பெண்களைப் பலிகொடுத்ததோடு நிற்காமல், கொலைகாரனின் பால்யக் காயத்துக்கான பழியையும் பெண்கள்மீதே போட்டது. இன்று பார்க்கையில் உறுத்துவது ரத்தம் அல்ல, இந்தக் கணக்குதான். ‘சைக்கோ’வின் பாதிப்பில் பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’யிலும் (1980) ஃபிளாஷ்பேக் உண்டு. ஆனால் ஊட்டியின் மங்கல் வெளிச்சத்தை அவருடைய கேமரா பிடித்த விதமே கொலைகார இளைஞனின் மனத்தைக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறது.

ஃபாசிலின் மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) போட்ட முடிச்சு வேறு. கங்காவைப் பிடித்திருப்பது பேயல்ல, நோய் என்று மருத்துவர் சன்னிக்குத் தெரியும். ஆயினும் தந்திரியின் சடங்குக்குள்ளேயே சிகிச்சையைப் புகுத்தி, ஆளுக்குப் பதில் பொம்மையை வெட்டவைத்து அவளை மீட்கிறார். ‘சந்திரமுகி’யாக (2005) தமிழுக்கு வந்தபோதும் அந்தச் சடங்கு நிலைத்தது. நோயாளி கொல்லப்படாமலும் சிறைக்குப் போகாமலும் வீடு திரும்புவது இந்த வகைமையில் அபூர்வம்.

ஹாலிவுட் மருத்துவரையே கவிழ்த்தது. ‘த சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்’ (1991) படத்தில் பிறர் மனத்தைப் பிரித்துப் படிக்கும் ஹானிபல் லெக்டர், தானே மனிதர்களைத் தின்னும் மனநல மருத்துவர். டேவிட் ஃபிஞ்சரின் ‘செவன்’ (1995) இன்னும் துணிந்தது. அதன் கொலையாளிக்குக் கைரேகை இல்லை, உண்மைப் பெயர் இல்லை, பால்யமும் இல்லை. படம் அதனால் ஒரு இழை குறைந்துவிடவில்லை.

அதற்குப் பிறகும் ‘ராட்சசன்’ (2018) இளம் வயதிலேயே முதுமை தரும் நோயையும் பள்ளியில் பட்ட அவமானத்தையும் கொலைக்குக் காரணமாகக் காட்டியது. இறுக்கமான திரைக்கதை, தேவையற்ற பழி. நிஜ வாழ்வில் மனநோயாளிகள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். அப்படி ஆளாகிறவரின் கண்வழியே அச்சத்தைச் சொல்லும் த்ரில்லர்கள் தமிழில் இன்னும் போதுமான அளவு வரவில்லை.