கையால் கட்டும் கமிட்: கிட்டின் அடிமட்டக் கட்டளைகள்

கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவுசெய்யும் மென்பொருளான கிட்டில் அன்றாடம் பயன்படும் 'கமிட்' கட்டளை ஒரே வரியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய 'ஆட்' கட்டளையையும் சேர்த்தால், பின்னால் நான்கு வேலைகள் நடக்கின்றன. கோப்பின் உள்ளடக்கம் சேமிக்கப்படுகிறது; கோப்புகளின் அடுக்கு பதிவாகிறது; அந்தப் பதிவோடு ஆசிரியர், நேரம், செய்தி ஆகியவை சேர்கின்றன; கடைசியில் பிராஞ்ச் புதிய கமிட்டுக்கு நகர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை கிட்டிலேயே உண்டு. இவற்றை 'பிளம்பிங்' என்றும், அன்றாடக் கட்டளைகளை 'போர்சலின்' என்றும் கிட்டின் ஆவணங்கள் பிரிக்கின்றன: முன்னது சுவருக்குள் ஓடும் குழாய், பின்னது கண்ணுக்குத் தெரியும் பீங்கான் தொட்டி. லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதியபோது குழாய்கள்தான் முதலில் வந்தன. 'ரைட்-ட்ரீ', 'கமிட்-ட்ரீ' இரண்டும் அன்றைக்கே இருந்தவை.

சோதனைக்கு ஒரு வெற்று ரெப்போவும் 'வணக்கம்' என்ற ஒரு வரியும் போதும். முதல் கட்டளை 'ஹேஷ்-ஆப்ஜெக்ட்'. அந்த வரியைக் கொடுத்தால் 40 இலக்க ஹேஷ் ஒன்றைத் திருப்பித் தருகிறது. எழுதச் சொல்லும் 'டபிள்யூ' தெரிவைச் சேர்க்காவிட்டால் கணக்கிடுவதோடு நின்றுவிடும், எதையும் சேமிக்காது. சேமிக்கப்படும் பொருளுக்கு 'பிளாப்' என்று பெயர். அதன் தலைப்பில் வகையும் அளவும் இருக்கும். யூடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' 21 பைட், வரிமுடிவு ஒரு பைட், ஆக 22. கோப்பின் பெயர் இதில் எங்கும் இல்லை. அதனால் ஒரே உள்ளடக்கம் பத்துப் பெயர்களில் இருந்தாலும் கிட் ஒரு பிளாப்தான் வைத்துக்கொள்கிறது.

பெயர் சேர்வது இரண்டாம் படியில், அடுத்த கமிட்டுக்கான கோப்புப் பட்டியலான இண்டெக்ஸில். 'அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளைக்கு 100644 என்ற முறைமை எண், ஹேஷ், கோப்புப்பெயர் மூன்றையும் கொடுக்க வேண்டும். 100644 சாதாரணக் கோப்பைக் குறிக்கிறது. இயக்கத்தக்க கோப்புக்கு 100755. கோப்பு வட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பிறகு 'ரைட்-ட்ரீ' இண்டெக்ஸை ஒரு ட்ரீ பொருளாக எழுதி, அதன் ஹேஷைத் தருகிறது. இண்டெக்ஸைத் தொட வேண்டாம் என்றால் 'எம்கேட்ரீ' நேரடியாக ட்ரீ கட்டித் தரும்.

மூன்றாம் படி 'கமிட்-ட்ரீ'. ட்ரீயின் ஹேஷும் செய்தியும் அதற்குப் போதும். முன்னோடி கமிட் இருந்தால் 'பி' தெரிவில் குறிப்பிட வேண்டும். இரண்டு முன்னோடிகளைக் கொடுத்தால் அதுவே மெர்ஜ் கமிட். ஆசிரியர் பெயரையும் நேரத்தையும் சூழல் மாறிகள் வழியே நிர்ணயிக்கலாம். எல்லா விவரமும் ஒன்றாக இருந்தால் எந்தக் கணினியில் செய்தாலும் ஹேஷ் ஒன்றாகவே வரும். நேரம் ஒரு விநாடி மாறினாலும் ஹேஷ் முழுக்க வேறாகிவிடும்.

இப்போதும் 'லாக்' கட்டளை எதையும் காட்டாது, ஏனென்றால் கமிட்டைச் சுட்டும் பெயர் இன்னும் இல்லை. 'அப்டேட்-ரெஃப்' பிராஞ்சின் பெயரை அந்த ஹேஷோடு இணைத்ததும் வரலாறு தெரிகிறது. இந்தக் கட்டளையோடு பிராஞ்சின் பழைய ஹேஷையும் கொடுப்பது நல்ல பழக்கம். இடையில் வேறொருவர் பிராஞ்சை நகர்த்தியிருந்தால் கிட் மறுத்துவிடும். அவருடைய வேலை அழியாது.

இந்த முறையின் பலம் கட்டுப்பாடு. வேலைக் கோப்புகளே இல்லாத சர்வர் ரெப்போவில்கூடக் கமிட் உருவாக்கலாம். இப்போதைய பிராஞ்சை விட்டு விலகாமல் இன்னொரு பிராஞ்சில் கமிட் சேர்க்கலாம். தானாக இயங்கும் ஸ்கிரிப்ட்களுக்கு இது பெரிய வசதி. விளைந்த கமிட்டுக்கும் சாதாரணக் கமிட்டுக்கும் வித்தியாசம் ஏதுமில்லை.

பலவீனம் பாதுகாப்பின்மை. கமிட்டுக்கு முன் தானாக இயங்க வேண்டிய ஹூக் ஸ்கிரிப்ட்கள் இங்கே இயங்குவதில்லை. எந்த மாற்றமும் இல்லாத கமிட்டையும் 'கமிட்-ட்ரீ' தடுப்பதில்லை. மேலே சொன்ன சோதனையில் கோப்பை வட்டில் எழுதாமல் விட்டால், 'ஸ்டேட்டஸ்' அதை நீக்கப்பட்ட கோப்பாகக் காட்டும். 'ரீஸ்டோர்' கட்டளையால் கொண்டுவர வேண்டும். பெயர் வைக்க மறந்த கமிட்டுக்கு ஆயுளும் குறைவு. எந்த ரெஃபும் (பிராஞ்ச் போன்ற சுட்டுப்பெயர்) சுட்டாத பொருட்கள் இரண்டு வாரம் கடந்தால், அடுத்த குப்பை நீக்கத்தில் போய்விடும் என்பது இயல்பு அமைப்பு.

அன்றாட வேலைக்கு இந்தக் கட்டளைகள் தேவையில்லை. ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கும் சர்வர் ரெப்போவைப் பராமரிப்பவருக்கும் இவை இன்றியமையாதவை. கிட் கற்பவர் ஒருமுறையாவது ஒரு கமிட்டைக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும். பிராஞ்ச் என்பது ஒரு ஹேஷைச் சுட்டும் பெயர் மட்டுமே என்பது அப்போது புரியும். ரீபேஸ், ரீசெட் பற்றிய அச்சமும் அதோடு பெருமளவு குறையும்.