வெடிப்பும் வேலையும்: கந்தக பூமியிலிருந்து ஆசிய சினிமா

சீன இயக்குநர் ஹே பிங்கின் 'சிவப்புப் பட்டாசு, பச்சைப் பட்டாசு' 1994இல் வெளிவந்தது. மஞ்சளாற்றங்கரை ஊரொன்றில் தலைமுறைகளாகப் பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பம். ஆண் வாரிசு இல்லாததால் மகளே முதலாளி ஆகிறாள். ஆண் உடை உடுத்துகிறாள். அவள் கல்யாணம் செய்துகொண்டால் சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்பதால் அதற்கும் தடை. கதவுகளில் சாமிப்படம் வரைய வரும் ஓவியன் ஒருவன் அந்த வீட்டின் ஒழுங்கைக் குலைக்கிறான். முதலாளியாக நடித்த நிங் ஜிங்குக்கு அந்த ஆண்டு சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது.

விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. குடும்பத்தோடு பின்னிக் கிடக்கும் தொழில், அதைச் சுற்றியிருக்கும் சொத்துக் கவலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டாசும் சாமிப்படமும் அடுத்தடுத்த தெருவில் இருப்பது. கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகித்தான் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டியின் படமும் சினிமா போஸ்டரும் அதே இயந்திரங்களிலிருந்து வந்தவை. ஹே பிங்கின் படத்தை ஐரோப்பிய விமர்சகர் ஒரு கீழை நாட்டுக் காதல் கதையாகப் பார்க்கலாம். சாத்தூர்க்காரர் அதை ஒரு தொழிற்பேட்டையின் கதையாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்னென்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

ஆசிய சினிமா வாணவெடியை மிகவும் நேசித்திருக்கிறது. 1997இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற தாகேஷி கிடானோவின் 'ஹனாபி'க்குப் பெயரே அதுதான். 2014இல் பெர்லினில் தங்கக் கரடி பெற்ற தியாவ் யினானின் 'கருநிலக்கரி, மெல்லிய பனி' பகல் வெளிச்சத்தில் வெடிக்கும் வாணங்களோடு முடிகிறது. இரண்டும் பெரிய படங்கள். ஆனால் அந்த வெடியைச் சுருட்டியது யார், மருந்து அடைத்தது யார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. ஹே பிங் அந்த ஆலைக்குள் போகிறார். போனாலும் அவர் மனம் காதலர்களிடமும், தடை தளர்ந்த பிறகு மாப்பிள்ளை தேர்வுக்காக வெடி வெடித்துக் காட்டும் போட்டியிடமும்தான் இருக்கிறது. வெடிப்பு காட்சியாகிவிடுகிறது, வேலை பின்னணியாகிவிடுகிறது. தினசரிகளும் இதையேதான் செய்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை விபத்துகள் நாட்டுக்கே தெரியும். விபத்து நடக்காத நாட்களில் அந்த அறைகளுக்குள் நடப்பது எவருக்கும் தெரியாது.

நம் பகுதியிலிருந்து வந்த படங்களையும் இதே அளவுகோலால் பார்க்கலாம்.

முதலில் சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. பெங்களூரைச் சேர்ந்த இயக்குநர் 1990இல் எடுத்த தமிழ் ஆவணப்படம் இது. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றியது. 1980களில் இந்தப் பகுதியில் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகப் பரவலாகச் சொல்லப்பட்டது. விடியுமுன் கிராமங்களுக்கு ஆலைப் பேருந்து வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் ஏற்றிவிடுவார்கள். 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப்பெயரில் சிவகாசிக்கு ஒரு பெருமிதம் உண்டு. அந்தப் பெருமிதத்தின் அடியில் யாருடைய விரல்கள் இருந்தன என்பதை அந்தப் படம் தலைப்பிலேயே வைத்தது. வெளிநாட்டு விழாக்களிலும் அது பேசப்பட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்வதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படம் வந்துவிட்டது.

அடுத்தது எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்'. 1990களில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் எடுக்கப்பட்டது. நாசரும் ராதிகாவும் நடித்தார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளையை அனுப்பும் கரிசல் குடும்பம்தான் கதை. 'வெக்கை'யும் 'அஞ்ஞாடி'யும் எழுதியவர், இந்த மண்ணின் வறட்சியைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர் எடுத்த படம். வெளியாட்கள் எடுத்திருந்தால் முதலாளி வில்லனாகவும் பெற்றோர் பாவப்பட்டவர்களாகவும் நின்றிருப்பார்கள். பூமணிக்கு அந்த வசதியான பிரிவினை கிடையாது. மழை பொய்த்த நிலம், வேலையில்லாத ஆண், சம்பாதிக்கும் சிறுமி என்ற மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருப்பதை அவர் பார்க்கிறார். தமிழ்ப் படங்களில் ஆசிய விழாக்களின் மொழிக்கு மிக அருகில் வந்த படைப்புகளில் ஒன்று இது என்பது என் திடமான எண்ணம். அதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்.

சசியின் 'பூ' (2008) வணிக சினிமாவின் எல்லைக்குள் வந்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து பிறந்தது. பார்வதி நடித்த மாரி பட்டாசு ஆலைத் தொழிலாளி. முறைப்பையன் மேல் அவள் வைத்த அன்பே கதை என்றாலும், கைவேலைக்கு நடுவே வாய் ஓயாமல் பேசும் பெண்களின் உலகம் அதில் உயிரோடு இருக்கிறது. பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை என்றால் சாவு மட்டும்தான் என்று நினைக்கிற வெளியூர்க்காரருக்கு, அங்கே சிரிப்பும் சிநேகமும் உண்டு என்று காட்டிய படம். தமிழ்ச்செல்வனின் தாத்தா மதுரகவி பாஸ்கரதாஸ் 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதியவர். இந்த வறண்ட பூமிக்குச் சினிமாவோடு உள்ள உறவு அவ்வளவு பழையது.

விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் 'வெயில்' (2006) இந்த வரிசையில் தனியாக நிற்பது. இயக்குநர் ஷங்கர் தயாரித்து, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்று, 2007இல் கான் விழாவின் உலக சினிமாப் பிரிவுக்குப் போனது. படம் பார்க்கப் போனதற்காக அப்பாவால் கொளுத்தும் வெயிலில் கட்டிப்போடப்பட்ட பையன் ஊரை விட்டு ஓடுகிறான். வேறோர் ஊரின் தியேட்டரில் ஆபரேட்டராக வளர்கிறான். அந்தத் தியேட்டரும் ஒரு நாள் இல்லாமல் போகிறது. இதை இத்தாலியின் 'சினிமா பாரடைசோ'வோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிவது தைவானின் சாய் மிங்-லியாங் 2003இல் எடுத்த 'குட்பை, டிராகன் இன்'. மூடப்போகும் தியேட்டரின் கடைசிக் காட்சி நேரம், கால் ஊனமுற்ற டிக்கெட் பெண், அவள் கண்ணில் படாத ஆபரேட்டர். இரு படங்களிலும் சினிமா என்பது திரையில் ஓடுவது மட்டுமல்ல. அதை ஓட்டுகிறவனின் உழைப்பு. சாய் அதைப் பேச்சில்லாமல் காட்டுகிறார். வசந்தபாலன் அழுது தீர்க்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆசியாவின் மற்ற மூலைகளில் வேலையைப் பார்த்தவர்கள் யார்? குர்திய இயக்குநர் பஹ்மான் கோபாதியின் 'போதையேறிய குதிரைகளின் காலம்' 2000இல் கானில் காமெரா டோர் விருதைப் பகிர்ந்துகொண்டது. தொடக்கத்திலேயே சந்தையில் குழந்தைகள் கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேகவேகமாக, பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலே. குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த விரல்களின் பழக்கம் சட்டென்று புரியும். ஹோ சியாவ்-சியனின் 'காற்றில் தூசி' (1986) சுரங்க ஊரிலிருந்து தைபேக்குப் போகும் பையனைத் தொடர்கிறது. அவனுக்கு அச்சகத்தில் வேலை. நண்பனோ சினிமா விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் அடிப்பவன். ஹோவின் படங்களில் இதைத்தான் சிவகாசியில் முதலில் திரையிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வாங் பிங்கை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷென்யாங் நகரின் நசிந்துபோன தொழிற்சாலைகளைப் பற்றி 2003இல் அவர் முடித்த படம் ஒன்பது மணி நேரம் ஓடுவது. 2023இல் கான் போட்டிப் பிரிவுக்கு வந்த 'இளமை: வசந்தம்', சீலி என்ற ஊரில் குழந்தைகள் உடுப்புத் தைக்கும் பட்டறைகளுக்குள் மூன்றரை மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறது. தையல் இயந்திரத்தின் முன்னால் காதல், சண்டை, கிண்டல். பிறகு ஒரு உருப்படிக்கு எவ்வளவு என்று முதலாளியோடு நடக்கும் பேரம். திரும்பத் திரும்ப அந்தப் பேரம். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஊரில் வாழ்ந்தவருக்கு அதில் ஒரு நிமிடம்கூட அதிகமாகத் தெரியாது. எண்ணிக்கைக் கூலி கையை வேகப்படுத்துகிறது. மருந்து இருக்கும் அறையில் வேகம் உராய்வைக் கொண்டுவருகிறது. விபத்துச் செய்திகளில் 'உராய்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிற காரணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்ட நீளம் வேண்டும், பொறுமை வேண்டும். விழாக்கள் அந்தப் பொறுமைக்கு இடம் கொடுப்பதால்தான் அவற்றின் மேல் எனக்கு மதிப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆசிய வறுமை மேற்கத்திய விழாக்களில் விலைபோகிறது என்ற குற்றச்சாட்டு 'பதேர் பாஞ்சாலி' காலத்திலிருந்து இருக்கிறது. ஊரின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று நம் பகுதியிலும் அது ஒலிக்கும். வறுமையைக் காட்டுவதா வேண்டாமா என்பதைவிட, அதற்குள் வாழ்கிறவருக்கு அறிவும் கோபமும் நகைச்சுவையும் உண்டு என்று படம் நம்புகிறதா என்பதே எனக்கு முக்கியம். கோபாதியும் வாங் பிங்கும் பூமணியும் நம்புகிறார்கள்.

இந்தப் படங்கள் இங்கே வந்த வழி விசித்திரமானது. பலருக்கு அவை முதலில் எழுத்தாக வந்தன. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் உலக சினிமா பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார். ஆனந்த விகடனில் செழியன் எழுதிய 'உலக சினிமா' தொடர் படத்தைக் காட்சி காட்சியாகச் சொன்னது. குறுந்தகடு கைக்கு வருவதற்கு முன்பே ஈரானியப் படமொன்றில் சிறுவன் தொலைத்த ஷூவைத் தெரிந்துவைத்திருந்த வாசகர்கள் சிற்றூர்களில் இருந்தார்கள். அடுத்த வழி ரயில். 1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பர்தோறும் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கே அதன் போட்டிப் பிரிவு. தென்மாவட்டத்து ரசிகருக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். விருதுநகரில் ஏறினால் நெல்லை, நாகர்கோவில் தாண்டி ஒரே ரயிலில் போய் இறங்கலாம். கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013இல் அங்கே வந்தபோது கூட்டம் அவரை ஒரு நட்சத்திரமாகவே வரவேற்றது.

பக்கத்து மேலூரிலிருந்து பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாமில் புலி விருதை வென்று வந்தது. அவரே சிறுவயதில் திருப்பூரில் வேலை பார்த்தவர். அரிட்டாபட்டிப் பக்கத்து வெயிலை அவர் நடந்து காட்டியது போல, இன்றைய பயராபீசை உள்ளிருந்து காட்ட ஒருவர் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள். நாக்பூர் வெடிபொருள் துறையின் உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறொருவர் கையில். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசைக் கட்டாயமாக்கியதும் சரவெடியும் பேரியமும் தடைபட்டதும் எந்தக் குடும்பத்தின் வாரக்கூலியில் எப்படி விழுந்தன என்பதற்குத் திரையில் சாட்சி இல்லை.

இருக்கிற படங்களாவது ஊருக்குத் திரும்ப வேண்டும். தீபாவளிக்கு மூடும் ஆலைகள் மறுபடி திறக்கச் சில வாரங்கள் ஆகும். வேலை இல்லாத அந்த வாரங்களில் சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ ஒரு கல்யாண மண்டபம் போதும். 'கருவேலம்பூக்க'ளின் நல்ல பிரதி ஒன்றை மீட்டுத் தருவது அதைத் தயாரித்த கழகத்தின் கடமை. கோபாதியின் படத்துக்கும் வாங் பிங்கின் படத்துக்கும் தமிழ்த் துணையுரை எழுத இந்த மாவட்டத்தில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. 1990இல் பென்னூர்கர் படம்பிடித்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது இருக்கும். முதல் காட்சிக்கு முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும்.