பகவதி காத்த சமணப் பள்ளி

நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் தேவாலயம் ஒன்று 2006இல் புத்தகக்கடை ஆனது. நம் திருநெல்வேலிச் சீமையில் வழிபாட்டிடம் கைமாறினால் கடை வராது, இன்னொரு சாமி வரும். களக்காட்டுப் பக்கம் சிங்கிகுளத்துக் குன்றின் மேல் இருக்கும் பகவதியம்மன் கோயில் பழைய சமணப் பள்ளி. அங்கே அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் முனீஸ்வரர் என்று கும்பிடுகிறார்கள்.

இதை அபகரிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. சமணர் இல்லாமல் போன ஊரில் விளக்கு வைக்க வேறு யார் இருந்தார்கள்? அம்மன் இருக்கும் குன்றில் கல்குவாரிக்காரர் வெடி வைக்கத் தயங்குவார். தொல்லியல் துறைப் பலகைக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக் கதையும் இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்கிருந்த பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆக, சமணர் காலத்திலேயே அங்கே ஓர் அம்மைக்கு நகை பூட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பகவதி வந்து அமர்ந்தாள். மகாவீரரும் பார்சுவநாதரும் பக்கத்துக் கருவறைகளில் இன்றும் இருக்கிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பூசை கட்டடத்தைக் காக்கும், எழுத்தைக் காக்காது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அதன்மேல் சுண்ணாம்பு, கும்பாபிஷேகம் வந்தால் பெயின்ட். கொடுத்தவர் பெயர் அதற்குள் போயே போய்விடும். கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிற்பங்களின் கீழே செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில்: குயவர், தச்சர், பெண் துறவிகளான குரத்திகள். அங்கேயும் அய்யனார் வந்தார், ஆனால் ஒதுங்கித் தனிக் கோயிலில் இருக்கிறார். அதனால்தான் பாறை பிழைத்தது என்பது என் எண்ணம்.

மாஸ்டிரிக்டில் புத்தக அலமாரி சுவரைத் தொடாமல் தனியே நிற்கிறது, கழற்றினால் பழைய தேவாலயம் திரும்பக் கிடைத்துவிடும். நம்மூர்த் திருப்பணி இந்தச் சோதனையில் தேறாது. கருங்கல்லில் டைல்ஸ் ஒட்டிவிட்டால், பெயர்க்கும்போது கல்லின் மேற்பரப்பும் சேர்ந்து வரும்.

'இது சமணப் பள்ளியாக இருந்தது' என்று வாசலில் ஒரு பலகை வைக்கச் சொன்னால், வீண் வம்பு வரும் என்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் வெளிப்படையாகவே இருக்கின்றன. ஆயில்ய நாளில் பால் ஊற்ற வரும் கூட்டம் அவற்றைக் கடந்துதான் போகிறது.