டிரையரை ஓட்டுங்க, ஒரு கண் வச்சுக்கோங்க

பிரிட்டன் டிரையர் விவகாரம் பற்றிச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை மறுபடி படித்தேன். துவைத்த துணியைச் சூடான காற்றில் உலர்த்தும் மெஷின்தான் டிரையர். ஈரமும் குளிருமான ஊர், கொடியில் போட்டால் காயாது. அதனால் லட்சக்கணக்கான வீடுகளில் இது உண்டு.

2015 நவம்பரில் வேர்ல்பூல் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. ஹாட்பாயின்ட், இன்டெசிட் போன்ற பெயர்களில், 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை தயாரான சில மாடல்களில், துணியிலிருந்து உதிரும் பஞ்சு ஹீட்டரில் பட்டுத் தீப்பிடிக்கலாம். காரணம் தெரியும், மாடல் தெரியும். ஆனா மெஷினைத் திரும்ப வாங்கவில்லை. டெக்னீஷியன் வந்து சரிசெய்வார், அதுவரை ஓட்டலாம், ஆளில்லாத நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள் என்றார்கள். பலருக்கு டெக்னீஷியன் வர மாதக்கணக்கில் ஆனது.

என் சண்டை அந்தக் கடைசி அறிவுரையோடுதான். பக்கத்தில் ஆள் இருந்தால் பஞ்சு ஹீட்டரில் படாமல் இருக்குமா? தீப்பிடித்ததைச் சீக்கிரம் பார்க்கலாம், அவ்வளவுதான். எங்க வேலையிலும் இது உண்டு. பக் இருப்பது தெரியும், பேட்ச் தயாராகவில்லை, "லாக்கைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்போம். நின்றுபோவது ஒரு வெப்சைட் என்றால் அது சரி. எரிவது வீடு என்றால்?

2016 ஆகஸ்ட் 19. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 18 மாடிக் குடியிருப்பு. ஏழாவது மாடியில் இன்டெசிட் டிரையரில் பிடித்த தீ மேல் மாடிகளுக்கும் பரவியது. அணைக்க 120 வீரர்கள் வந்தார்கள். அப்போது வீட்டில் ஆள் இருந்தார்கள் என்பதுதான் விஷயமே.

அதற்குப் பிறகும் அறிவுரை மாறவில்லை. நுகர்வோர் அமைப்பான 'விச்?' நீதிமன்றம் போய், பீட்டர்பரோ வணிகத் தர அதிகாரிகளும் நெருக்கிய பிறகு, 2017 பிப்ரவரியில்தான் "பிளக்கைப் பிடுங்குங்கள், பயன்படுத்தாதீர்கள்" என்று மாறியது. முறையான ரீகால் 2019 ஜூலையில், அதுவும் அரசு நோட்டீஸ் கொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகு.

நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. வாங்கியவர் பதிவு செய்திருக்க மாட்டார், வீடு மாறியிருப்பார், பழையதை விற்றிருப்பார். லட்சக்கணக்கான மெஷின்களைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. சரி, தேடுவதற்கு நாளாகும் என்றால், அதுவரை ஓட்டாதீர்கள் என்று சொல்ல அது இன்னும் பெரிய காரணம் இல்லையா? பிளக்கைப் பிடுங்கச் சொல்ல டெக்னீஷியன் தேவையில்லை. ஆனா அப்படிச் சொன்னால் அடுத்த நாளே எல்லோரும் மாற்று மெஷின் கேட்பார்கள். "ஓட்டலாம்" என்றால் கேட்க மாட்டார்கள்.

இனி எந்தப் பொருளுக்கு எச்சரிக்கை வந்தாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். ஆபத்தை நிறுத்தச் சொல்கிறார்களா, இல்லை நம்மைக் காவலுக்கு உட்காரச் சொல்கிறார்களா? காவல் என்றால், அவங்க என்ன எழுதியிருந்தாலும் சரி, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.