கணக்கேடும் கவிழ்ந்த பேரரசும்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைக் காதல் தோல்விக் கதை என்று கூறி நிறுத்திவிடுவோர் பலர். 1959-இல் வெளிவந்த அந்நாவலில் காதல் உண்டு. அது தோற்பதும் உண்டு. ஆயினும், அதனைத் தோற்கடித்தது எது என்று வினவினால், பேரரசு ஒன்று சரிந்தபோது பணத்தின்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை என்னவாயிற்று என்னும் பெரும்பொருள் புலப்படும்.

கெடா மக்களுக்கு அது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஆங்கிலேயரின் அரண் உடைந்தது. 13-ஆம் நாள் அலோர் ஸ்டார் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1945-இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். நான்கே ஆண்டுகளில் மூன்று கொடிகள்! ஜப்பானியர் வரையறையின்றி அச்சிட்ட வாழைமர நோட்டோ, போர் முடிந்ததும் வெறுந்தாளாயிற்று. அந்நோட்டைக் கொடுத்து அடைத்த கடன் எவ்வளவு அடைபட்டது என்பதைத் தீர்க்க 1948-இல் மலாயாவில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இப்பின்னணியில் பினாங்கு வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையை நோக்குக. அவரிடம் தொழில் பயின்ற செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் பணிபுரிந்து திரும்புகிறான். மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க அவர் இசையவில்லை. துப்பாக்கி தூக்கியவன் பெட்டியடிக்கு ஆகான் என்பது அவர் துணிபு. நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அரசின் நாணயம் பொய்த்த நாளில், ஆளின் நாணயமே வட்டிக்கடைக்கு எஞ்சிய முதல். அதற்குத் தாம் வகுத்த அச்சில் பொருந்தாத இளைஞனை அவர் ஒதுக்குகிறார். மேடானில் வட்டிக்கடையில் பணியாற்றிய சிங்காரம், அவரைக் கொடியவராகத் தீட்டாமல் விட்டதே நாவலின் வலிமை. வாசகன் எவர் பக்கம் நிற்பது என்று திகைக்கிறான்.

குறையும் இங்கேதான் உள்ளது. பெட்டியடியிலிருந்து நோக்கும் கண்ணுக்குத் தோட்டப்புறம் தொலைவாகி விடுகிறது. பால்மரம் வெட்டியவன் தகரப்பெட்டியில் சேர்த்துவைத்த நோட்டும் அதே வாழைமர நோட்டுதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் கடன்களுக்கே மதிப்பு வகுத்தது. கைப்பணமாக வைத்திருந்தவனுக்கு ஈடு ஏதுமில்லை. ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இன்னும் விரிந்த உலகைக் காட்டுகிறது எனினும், அதிலும் தோட்டத் தொழிலாளியின் கணக்கு மையம் பெறவில்லை.

சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ பாடுபொருளாக்கியது. சிங்காரத்தைப் பயிலும் மாணவர் கையில் அந்நாவலும் உடன் இருத்தல் வேண்டும். பெட்டியடி ஏட்டில் ஏறாதவர்களை அவர்கள் அங்கே காண்பர்.